கடைசி வீட்டில் தொடங்குகிறவள்

ஷூ கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டு, மிச்ச நுனியை உள்ளே செருகிய பிறகுதான் பெட்டியைத் தொடுவாள். நீலப் பிளாஸ்டிக் பெட்டி அது. உள்ளே ஐஸ் பொதி, ஊசிகள், பஞ்சு, காலி டியூப்கள். வாரைக் குறுக்காக மாட்டி, பெட்டியை வலது முழங்கையால் இடுப்போடு இறுக்கி, வாசற்கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு இறங்குவாள். தெருமுனை வரைக்கும் நடை. முனையில் இருக்கிற மருந்துக் கடையின் மூடிய ஷட்டரைத் தாண்டியதும் ஓட்டம்.

தெருமுனை வரை நடை என்பது மாமியாரோடு செய்துகொண்ட உடன்படிக்கை. "ஓடித்தான் தீரணும்னா நம்ம தெருவைத் தாண்டி ஓடு. இங்க எல்லாருக்கும் நம்மளத் தெரியும்" என்றார் அந்த அம்மாள். தெரியாதவர்கள் முன்னால் மானம் போனால் பரவாயில்லை போலிருக்கிறது. மருமகளும் ஒரு தெருதானே, நடந்துவிட்டுப் போகலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள்.

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்தும் விடியாததுமாக வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றில் காத்திருக்கிறவர்களிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும். அந்த வீடுகளில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். கையில் ஊசி வைத்திருக்கிறவளிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ள யாருக்குத் தைரியம் வரும்?

இந்த வேலையில் இருக்கிற மற்றவர்கள் பக்கத்து வீட்டில் தொடங்கித் தூரத்து வீட்டில் முடிப்பார்கள். இவள் தலைகீழ். ஊரின் மறுகோடியில் இருக்கிற கடைசி வீட்டுக்கு முதலில் போவாள். அங்கிருந்து ஒவ்வொரு வீடாக நடந்து திரும்புவாள். போகும்போது பெட்டி காலி, அதனால் ஓடலாம். வரும்போது பெட்டியில் ரத்தம் இருக்கும், ஓடக் கூடாது. அவளுடைய பயிற்சி முழுவதும் அந்தக் காலிப் பெட்டியின் தூரத்துக்குள் அடங்கியிருக்கிறது. மறுகோடி வீட்டுக்காரர்களுக்கு இதில் பரம திருப்தி. "நமக்குத்தான் முதல்ல வருது பாருங்க, நேரத்துக்கு டாண்ணு நிக்கும்" என்று பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள்.

கதவைத் திறக்கிறவர்களிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி, "வெறும் வயித்துலதானே இருக்கீங்க?" என்பதுதான். "ஆமா, ஒரே ஒரு வாய் காபி மட்டும்" என்பார்கள். "பிஸ்கட்?" என்று கேட்டால் முகம் மாறும். "அது ஒண்ணுதான்." ஊரில் இருக்கிற பொய்யெல்லாம் காலையில் தன் முன்னால்தான் முதலில் வந்து நிற்கிறது என்று அவள் சொல்வதுண்டு. நரம்பு தேடுகிறபோது மட்டும் பேச மாட்டாள். விரல் நுனியால் தொட்டுக்கொண்டே இருப்பாள். கிடைத்ததும், "இந்தா இருக்கான்" என்று ஒளிந்திருந்த பிள்ளையைக் கண்டுபிடித்தவள் போலச் சொல்வாள்.

பெட்டியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் பெட்டி இல்லாமல் ஓடிப் பார்த்தவள்தான் அவள். ஆண் ஓடினால் உடம்பை நன்றாக வைத்திருக்கிறான் என்பார்கள். பெண் ஓடினால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்பார்கள். "என்னம்மா, யாராச்சும் துரத்துறாங்களா?" என்று அக்கறையோடு வண்டியை நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. அக்கறையே இல்லாமல், அவள் வேகத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டே கூட வந்தவர்களும் உண்டு. அவள் சண்டை போடவில்லை, தெருவை மாற்றினாள். மாற்றி மாற்றி, அந்த ஊரில் அவளுக்குத் தெரியாத சந்து கிடையாது என்று ஆயிற்று. பெட்டி வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. பெட்டியோடு ஓடுகிறவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. யாருக்கோ அவசரம் என்று நினைத்து ஒதுங்கி வழிகூட விடுகிறார்கள். அவளுக்கும் ஒரு அவசரம் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் நினைப்பதில்லை.

அவளுடைய மகள் ஒருமுறை பள்ளிக்கூடத்தில், "எங்கம்மா தினமும் காலைல ஓடிப் போயிடுவாங்க, அப்புறம் நடந்து வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டாள். ஆசிரியை பதறிப்போய் மாமியாருக்குப் போன் செய்ய, அது ஒரு வாரத்துக்கு வீட்டில் ஓடியது.

கல்லூரியில் அவளுக்கு வேறு பெயர். அங்கே அவள் குட்டை. கூட ஓடியவள் நெட்டை. நெடுந்தூர ஓட்டம் என்றால் அந்த இரண்டு பேர்தான். பயிற்சி கொடுத்த மாஸ்டருக்கு விசிலும் தொந்தியும் சேர்ந்தே இருக்கும். "இந்தத் தொந்தியை என்னால ஜெயிக்க முடியலை. நீங்களாவது யாரையாச்சும் ஜெயிங்க" என்பார். அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதி திட்டு, மீதி ஒரே ஒரு பாடம். "கால் ஓடாதுடி, கைதான் ஓடும். கையை வீசு, கால் தன்னால பின்னாடி வரும்." மைதானத்தைச் சுற்றி எங்கே போனாலும் அந்தக் குரல் வரும். கை, கை, கை என்று.

முள் வைத்த ஷூ இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான் இருந்தது. அதுவும் நெட்டையின் அளவு. குட்டை நுனியில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொள்வாள். இரண்டு பேரும் ஒரே பந்தயத்தில் ஓட நேர்ந்தால் காசைச் சுண்டிப் பார்ப்பார்கள். தோற்றவள் வெறுங்காலில் ஓட வேண்டும். வெறுங்காலில் ஓடியவளே பலமுறை ஜெயித்ததால், பிறகு காசில் தோற்பதற்கு அடித்துக்கொண்டார்கள். மழை பெய்து விட்ட மாலையில், சுண்ணாம்புக் கோடு கரைந்து கால் முழுக்க வெள்ளையாக, விடுதி வராண்டாவில் அந்தக் கால்களை நீட்டிப் போட்டு இரண்டு பேரும் அவித்த முட்டையை உரிப்பார்கள். அந்த முட்டையின் சூடு இன்னமும் உள்ளங்கையில் இருப்பதாக அவள் சொல்கிறாள். அந்த நாட்களில் அவளுக்கு எதுவுமே குறைவாகத் தோன்றியதில்லை. ஷூ பாதிதான், பணம் பாதிகூட இல்லை, ஆனாலும் குறைவாகத் தோன்றியதில்லை. கல்லூரி முடிந்த அன்று ஆளுக்கொரு ஷூவை எடுத்துக்கொண்டு அழுதபடி பிரிந்தார்கள்.

அதற்கு அடுத்த மாதம் பழைய பாசத்தில் மைதானத்துக்குப் போனாள். முந்தின மாதம்வரை அவளைப் பார்த்ததும் கேட்டை அகலத் திறந்த அதே காவலாளி, "இப்பப் படிக்கறவங்களுக்கு மட்டும்தான்மா" என்றார். அவருக்கும் சங்கடம்தான். பழைய மாணவிகள் வருஷத்துக்கு ஒருநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், ஓடத்தான் கூடாது.

போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கப் போனால் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலை தூக்காமல் கேட்டார். "எந்தக் காலேஜ்?"

"காலேஜ் முடிச்சிட்டேங்க."

"அப்ப எந்த டிபார்ட்மென்ட்ல வேலை? எந்தக் கிளப்?"

"ரெண்டும் இல்லீங்க."

அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தது. "ரெண்டும் இல்லேன்னா அப்புறம் நீங்க யாரு?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் கேட்டாலும், யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள்.

கல்யாணப் பேச்சு நடந்தபோது பையன் வீட்டார், பெண்ணுக்கு என்ன பொழுதுபோக்கு என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா முந்திக்கொண்டு "தையல்" என்றாள். பின்னால் ஊசி பிடிக்கிற வேலைக்கே போனாள் என்கிற அளவில் அது முழுப் பொய் ஆகவில்லை. உண்மை தெரிந்தபோது கணவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர் அவர், எதிலும் சூடாக மாட்டார். தடுக்கவும் மாட்டார், தாங்கவும் மாட்டார். "ஓடேன், யாரு வேணாங்கறா? வேலைய முடிச்சிட்டு ஓடு" என்பார். வேலை முடிகிற வீடு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மகள் பிறந்த வருஷம் மொட்டைமாடியில், காயப்போட்ட துணிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து ஓடினாள். கீழ்வீட்டுக்காரர் வந்து, "மேல என்னம்மா இடிக்கறீங்க?" என்று கேட்டதோடு அதுவும் நின்றது.

ரத்தம் எடுக்கிற வேலை கிடைத்ததும், காலை நேரத்துச் சாலை தன் பெயருக்கே எழுதிக் கொடுக்கப்பட்டது போல மகிழ்ந்துபோனாள். மகிழ்ச்சியில் ஒரு தப்புச் செய்தாள். போகும்போதும் ஓடினாள், திரும்பும்போதும் ஓடினாள். பெட்டி நிறைய ரத்தம் குலுங்கியது. ரத்தத்தைச் சற்று நேரம் வைத்தால் மேலே வெளிர் மஞ்சளாக நீர் தெளிந்து நிற்க வேண்டும். அன்றைக்கு அத்தனை டியூபிலும் செக்கச்செவேல் என்று இருந்தது. குலுங்கினால் ரத்தத்தின் அணுக்கள் உடைந்துபோகும் என்று அவள் படித்ததுதான், காலுக்கு அது தெரியவில்லை. பரிசோதனை நிலையத்தின் முதலாளி டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏம்மா, ரத்தம் எடுத்துட்டு வரச் சொன்னா ஜூஸ் போட்டு எடுத்துட்டு வந்திருக்கே?" என்றார்.

மறுநாள் எல்லா வீட்டுப் படியும் ஏறி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, எல்லாருக்கும் மறுபடி ஊசி போட்டாள். ஒரு பெரியவர், "நேத்து எடுத்ததை என்ன பண்ணே, குடிச்சிட்டியா?" என்று கேட்டார். ஒரு சின்னப் பெண் அவளைப் பார்த்ததுமே கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதது. அந்த அழுகைதான் அவளைச் சுட்டது. அன்றிலிருந்து நிறைந்த பெட்டியோடு அவள் ஓடியதில்லை. மழை கொட்டினாலும், நாய் துரத்தினாலும், வலது முழங்கையால் பெட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு நடைதான். நாய்களே அலுத்துப்போய் விட்டுவிட்டன.

அந்த நகரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை திறந்தவெளிப் போட்டி ஒன்று நடக்கிறது. காலேஜ் வேண்டாம், கிளப் வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஓடலாம். அதில் பெண்களுக்கான பத்தாயிரம் மீட்டர் உண்டு. சாலையில் இல்லை, கோடு போட்ட மைதானத்தில். அவள் வருஷம் முழுக்க ஓடுவது அதற்காகத்தான். போன வருஷம் விடுப்பு வாங்கி, ஷூ கட்டி, மார்பில் எண் குத்திக்கொண்டு போய் நின்றாள். ஆண்களுக்கான ஓட்டத்தில் ஆட்கள் வரிசையில் நிற்க இடம் போதாமல் பின்னால் ஒரு வரிசை போட்டார்கள். பெண்களில் இவளும், ஒரு கல்லூரி மாணவியும். அவ்வளவுதான்.

"மூணு பேராவது இல்லாம நடத்த முடியாதும்மா. மூணு மெடல் வச்சிருக்கோம், வாங்க ஆள் வேணாமா?" என்றார் நடத்துகிறவர். இரண்டு பேரும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்தவளிடம் கணவர், "என்ன, சீக்கிரம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். அன்றைக்கு முழுவதும் ஷூவைக் கழற்றவில்லை. ஷூவோடுதான் சமைத்தாள். மாமியார் பார்த்தார், பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அவர் பேசாமல் போனது அந்த வருஷத்தில் அந்த ஒருநாள்தான்.

இந்த வருஷம் பெயர் கொடுத்தபோது அதே மனிதர், "இந்தத் தடவையும் மூணு பேர் வரலேன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து பொம்பளைங்க பத்தாயிரத்தை எடுத்துடறோம்மா. தேவையில்லாம நேரம் போவுது" என்றார். கல்லூரிப் பெண் வருவதாகச் சொல்லியிருந்தாள். இன்னும் ஒருத்தி வேண்டும். பார்க்கிற பெண்களின் காலையெல்லாம் ஊசியக்கா உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். பால் வாங்க வருகிறவள், பஸ் பிடிக்கிறவள், நடைப்பயிற்சி போகிற டீச்சர் என்று யாரையும் விடவில்லை. டீச்சரைக் கேட்டும் பார்த்தாள். "ஓடறதா? இந்த வயசுலயா? அவரு என்ன சொல்லுவாரு?" என்றார் டீச்சர். அவளைவிட மூன்று வயது இளையவர்.

பந்தயத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கடைசி வீட்டுக்கு அப்பால் புதிதாக ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நாலு தெரு கூடுதலாக ஓடலாமே என்று சந்தோஷமாகவே போனாள். கல்லூரியில் மணி அடித்தால் ஓட வேண்டும், இங்கே மணி அடித்துவிட்டு நிற்க வேண்டும். நின்றாள். கதவு திறந்தது.

"லேப்லேர்ந்து வர்றேங்க. வெறும் வயித்துலதானே இருக்கீங்க?"

"இவ்வளவு பெரிய வயித்தை எப்படிங்க வெறும் வயிறுன்னு சொல்றது?"

அந்தக் குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கினாள். இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது.

"குட்டை?"

"நெட்டை!"

நெட்டை ஊர் மாறி ஊர் மாறி இப்போது இங்கே வந்திருக்கிறாள். ஒரு கணக்குப் பிரிவில் அதிகாரி. குழந்தைக்கு இன்னும் வயது ஒன்று ஆகவில்லை. உடம்பு இரண்டு மடங்காகி, தைராய்டு பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உள்ளே குழந்தை அழுதது, அடுப்பில் பால் பொங்கியது, இரண்டு பேரும் வாசலிலேயே நின்று சிரித்தார்கள். பிறகு நெட்டை நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"உனக்கு மூச்சு வாங்குதே. படியேறி வந்ததுக்கா?"

"ஓடி வந்தேன்."

"எங்கேருந்து?"

"வீட்டுலேர்ந்து." தெருவின் பெயரைச் சொன்னாள்.

நெட்டை குனிந்து அவளுடைய ஷூவைப் பார்த்தாள். "இன்னுமாடி ஓடறே?" என்று கேட்டபோது அந்தக் குரலில் வியப்பு கொஞ்சம்தான் இருந்தது. மிச்சம் பொறாமை. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

"நீ எப்ப விட்டே?"

"நான் எங்க விட்டேன்? அதுவா விட்டுட்டுப் போச்சு. ஆபீஸ்ல சேர்ந்ததும் ஸ்போர்ட்ஸ்ல பேரு குடுத்தேன். ஆம்பளைங்களுக்குக் கிரிக்கெட், வாலிபால், ஓட்டம் எல்லாம் இருக்கு. நமக்கு மியூசிக்கல் சேர். நாற்காலியைச் சுத்தி ஓடி முதல் பரிசு வாங்கினேன்டி. டிபன் பாக்ஸ் குடுத்தாங்க. அதுதான் என் கடைசி ரேஸ்."

சிரிக்கச் சிரிக்க இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒருத்தி கையில் ஊசி இருந்தது, இன்னொருத்தி பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். அதனால் யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. ஷூவைப் பற்றி விசாரித்துக்கொண்டார்கள். குட்டையிடம் இருந்தது வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. நெட்டையிடம் இருந்தது பின்கட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து நின்றது.

படியிறங்கும்போதுதான் குட்டை பத்தாயிரம் மீட்டர் பந்தயத்தைப் பற்றிச் சொல்லிக் கேட்டாள். "மூணாவதா ஒருத்தி வேணும். இல்லேன்னா ரேஸையே எடுத்துடுவாங்களாம்."

"என்னையா கேக்கறே? இப்பவா? ஒரு சுத்துகூட முடியாதுடி."

"முடிக்க வேணாம். நின்னாப் போதும்."

"ஜெயிக்கறதுக்குக் கூப்பிட்டிருக்காங்க. தோக்கறதுக்குக்கூடக் கூப்பிட்டிருக்காங்க. சும்மா நிக்கறதுக்குக் கூப்பிடறவ நீ ஒருத்திதான்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள் நெட்டை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நெட்டை குட்டையின் தெருமுனையில், கணவனின் பழைய டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி நின்றிருந்தாள். "ஓடறதுக்கு வரலை. நீ ஓடறதைப் பாக்க வந்தேன். பெட்டியக் கீழ வச்சிட்டு அந்த லைட் கம்பம் வரைக்கும் போயிட்டு வா" என்றாள். மாஸ்டரின் தொந்தி கிட்டத்தட்ட வந்துவிட்டிருந்தது, மாஸ்டரின் குரல் முழுசாகவே வந்துவிட்டிருந்தது.

குட்டை ஓடிவிட்டு வந்தாள்.

"பெட்டிய வச்சிட்டுப் போன்னு சொன்னேனே?"

"வச்சிட்டேனே, இதோ இருக்கே."

"அப்ப உன் வலது கையில என்னடி இருக்கு?"

குனிந்து பார்த்தாள். இடது கை சும்மா தொங்கியது. வலது முழங்கை, பெட்டியே இல்லாத இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ஒரு கையால்தான் ஓடிக்கொண்டிருந்தாள். தான் ஓடுவதைத் தானே பார்க்க முடியாது, பார்த்துச் சொல்ல இதுவரைக்கும் யாரும் இல்லை. அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் அந்தத் தெருமுனையிலேயே உட்கார்ந்து நன்றாக அழுதாள். நெட்டை பக்கத்தில் நின்று, "அழு, அழு. ஆனா அழும்போதாவது அந்தக் கையைக் கொஞ்சம் தளர்த்து" என்றாள்.

தளர்த்த முடியவில்லை. நினைவு இருக்கும்வரை கை வீசும். நாலு அடி போனதும் நினைவு வேறெங்கோ போய்விடும், கை இடுப்புக்கு வந்துவிடும். அடுத்து வந்த நாட்களில் தினமும் முயன்றாள். கெட்ட வழக்கமாக இருந்தால் விட்டிருக்கலாம். இது நல்ல வழக்கமாகப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். முதலாளி விடுப்புத் தரவில்லை. "போன வருஷம் குடுத்தேன், நீ ஓடவே இல்லையே" என்றார். நியாயம்தான். ரத்தம் எடுத்து முடிக்கிற வீட்டிலிருந்தே மைதானத்துக்குப் போவது என்று முடிவாயிற்று. ஆனால் பெட்டி? பரிசோதனை நிலையம் ஒரு திசை, மைதானம் எதிர்த்திசை. முந்தின நாள் கணவர் ஒரு பழைய பிரிட்ஜைப் படுக்கப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஓட்டத்துக்காக அவரிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை.

"நாளைக்கு லேப் வரைக்கும் ஒரு பெட்டிய எடுத்துட்டுப் போகணும்."

"ரொம்பக் கனமா?"

"கனமில்ல. குலுங்கக் கூடாது."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பிரிட்ஜும் அப்படித்தான். எங்க வந்து நிக்கணும்னு சொல்லு" என்றார். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ கேட்டிருப்பாள். கேட்டிருக்கலாமே என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், அன்றைக்கு இரண்டு காபி போட்டவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடைசியாகப் போன வீட்டில் ஒரு பெரியவருக்கு நரம்பு அகப்படவில்லை. அவசரப்படாமல் விரல் நுனியால் தேடினாள். நெஞ்சுக்குள் என்னவோ மணி அடித்தது, விரலில் அடிக்கவில்லை. "இந்தா இருக்கான்" என்றாள். கீழே கணவர் வண்டியை ஓரமாகப் பூட்டிவிட்டு நின்றிருந்தார். "வண்டி குலுக்கும், நடந்தே போறேன்" என்று பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்கியவர் போல அடி எடுத்துவைத்தார். அவர் திருப்பத்தில் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓடினாள்.

மைதானத்தில் கல்லூரிப் பெண், பளபளக்கிற ஷூவோடு, "ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேருமே ரேஸ்லயா?" என்று கேட்டது. நல்ல பெண், மரியாதையாகத்தான் கேட்டது. நடத்துகிறவர் விரலை நீட்டி எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது விரல் வருவதற்குள், டீ ஷர்ட்டில் எண்ணைக் கோணலாகக் குத்திக்கொண்டிருந்த நெட்டை, "இருக்கேன் சார், கண்ணுக்குத் தெரியாத உருவமா இது?" என்றாள். துப்பாக்கி வெடித்தது.

இருபத்தைந்து சுற்று. கல்லூரிப் பெண் முன்னால், ஊசியக்கா சற்றுப் பின்னால், நெட்டை எங்கேயோ. நின்றால் போதும் என்று வந்தவள் நடந்தும் ஓடியும் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை குட்டை தன்னைத் தாண்டும்போதும் நெட்டை, மூச்சு வாங்க, "கை!" என்று கத்தினாள். கை கொஞ்ச தூரம் வீசும், பிறகு இடுப்புக்குப் போய்விடும். கால் ஓடிக்கொண்டிருந்தது, மனசு பெட்டியோடு நடந்துகொண்டிருந்தது. பெரிய சாலையைத் தாண்டியிருப்பாரா? யாராவது இடித்திருப்பார்களா? அந்தப் பெரியவருக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டி வந்தால்? கல்லூரிப் பெண்ணின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. இப்படியே முடிந்துவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். வளைவில் வேலியோரம் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். ஓடி வந்திருக்க வேண்டும், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும், கத்தத் தெரியாத கணவர், இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரித்துக் காட்டினார். இரண்டும் காலி.

நெட்டை உள்கோட்டிலிருந்து விலகி வழி விட்டாள். "போடி!" என்றாள். ஊசியக்காவின் வலது முழங்கை இடுப்பை விட்டுப் பிரிந்து, முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடியும் முன்னால் போனது.